எதிர்க்காற்றுக்கு ஒரு தட்டு

கோடைக் காலத்தில் கவரைப்பேட்டைப் பக்கம் காலையில் வீசும் காற்று வேறு, பிற்பகலில் வீசும் காற்று வேறு. அதைத் தெரிந்துகொள்ள வானிலை அறிக்கை தேவையில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளை நிமிர்ந்து பார்த்தால் போதும். வெயில் உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கும்போது புகை மேற்கே சாய ஆரம்பிக்கும். கிழக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் பழவேற்காடு ஏரி. அதைத் தாண்டினால் வங்கக் கடல். நடுவில் தடுக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. காய்ந்த நிலத்தின்மேல் சூடேறிய காற்று மேலே எழ, அந்த இடத்தைப் பிடிக்கக் கடற்காற்று வயல்களையும் ரயில் பாதையையும் தாண்டி உள்ளே வரும்.

அறுவடை முடிந்த வயலில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் அந்த நேரத்தில், பொம்மைக் கடையில் வாங்கிய பறக்கும் தட்டு ஒன்றைக் கடலைப் பார்த்து எறிந்தால் என்ன ஆகும்? கொஞ்ச தூரம் நேராகப் போகும். பிறகு ஒரு பக்கமாகப் புரண்டு, விளிம்பில் நின்று, வண்டிச் சக்கரம்போல உருண்டு எங்கோ போய் விழும். இல்லையென்றால் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, எறிந்தவர் தலைக்கு மேலாகவே திரும்பி வரும்.

அதே இடத்தில், அதே காற்றில், அதே கையால் வேறொரு தட்டை எறிந்தால் கதை மாறுகிறது. அது தாழ்வாக, பிடிவாதமாக, காற்றைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகிறது. வேகம் குறைந்ததும் இடப்பக்கம் திரும்பி, குறித்த இடத்துக்குப் பக்கத்தில் சட்டென்று தரையில் அமர்ந்துவிடுகிறது. பத்து முறை எறிந்தாலும் பத்து முறையும் அதே முடிவு. டிஸ்க் கோல்ஃப் ஆடுபவர்கள் இந்த வகையை ‘ஓவர்ஸ்டேபிள் மிட்ரேஞ்ச்’ என்கிறார்கள். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது, காற்றோடு வாழும் கடலோரக்காரர்களுக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம் பயன்படும் விஷயம்.

டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தில் பந்துக்குப் பதில் தட்டு, மட்டைக்குப் பதில் கை. தொடக்க இடத்திலிருந்து எறிய வேண்டும். தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறி. கடைசியில், சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் தட்டு விழுந்தால் அந்த இலக்குக்கான ஆட்டம் முடிந்தது. குறைந்த எறிகளில் முடிப்பவர் வென்றவர். புல்வெளியைச் சீராட்ட வேண்டாம், குழி தோண்ட வேண்டாம். மரமும் மேடும் பள்ளமும் இருந்தால் ஆட்டம் இன்னும் சுவையாகும்.

இதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. வால்டர் ஃபிரெட்ரிக் மாரிசன் என்பவர் 1930-களின் இறுதியில் கலிபோர்னியாக் கடற்கரையில் கேக் சுடும் தகரத் தட்டுகளை எறிந்து விளையாடினார். ஐந்து சென்ட் விலையுள்ள தட்டை விளையாட்டுப் பொருளாக இருபத்தைந்து சென்டுக்குக் கேட்டு வாங்க ஆள் இருந்ததைக் கண்டதும் அதையே தொழிலாக்கிக்கொண்டார். பின்னாளில் அவர் உருவாக்கிய பிளாஸ்டிக் தட்டை 1957-ல் வாம்-ஓ நிறுவனம் வாங்கியது. ‘ஃபிரிஸ்பீ’ என்ற பெயர் அதன் பிறகு ஒட்டிக்கொண்டது. அதே நிறுவனத்தில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக், தட்டின் மேற்பரப்பில் வளையம் வளையமாக வரம்புகள் வைத்து அதன் பறத்தலை நிலைப்படுத்தினார். அதற்கு 1967-ல் காப்புரிமை கிடைத்தது. 1975-ல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தவரும் அவரே. அங்கே முதலில் இலக்காக நின்றவை வெறும் கம்பங்கள்; சங்கிலிக் கூடை அதற்குப் பிறகு வந்தது. 1976-ல் பி.டி.ஜி.ஏ. என்ற தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கினார். 2002-ல் அவர் இறந்தபோது, அவர் விரும்பியபடியே, அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள்.

இந்தக் கட்டுரைக்கு இன்னும் முக்கியமான ஆண்டு 1983. அதுவரை டிஸ்க் கோல்ஃப் தட்டுகளின் விளிம்பு, சாப்பாட்டுத் தட்டின் விளிம்புபோல மழுங்கலாகத்தான் இருந்தது. டேவ் டூனிபேஸ் என்பவர் அந்த ஆண்டு விளிம்பைச் சாய்வாக, காற்றை வெட்டும்படி வடிவமைத்து ‘ஈகிள்’ என்ற தட்டைக் கொண்டுவந்தார். இன்னோவா நிறுவனம் அந்த ஆண்டில்தான் பிறந்தது. இன்றைக்கு டிஸ்க் கோல்ஃபுக்கென்று விற்கும் வேகத் தட்டுகளெல்லாம் அந்தச் சாய்ந்த விளிம்பின் வாரிசுகள்.

தமிழ்நாட்டில் டிஸ்க் கோல்ஃப் இன்னும் பரவவில்லை. ஆனால் தட்டு எறியத் தெரிந்த கைகள் நிறைய இருக்கின்றன. சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் விடிகாலையிலும் மாலையிலும் ‘அல்டிமேட்’ ஆடும் இளைஞர்களைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடும், நடுவர் இல்லாத ஆட்டம் அது. அந்தக் கடற்கரையின் ஃப்ளை வைல்டு அணியைப் பற்றிய ‘175 கிராம்ஸ்’ என்ற குறும்படம் 2015-ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழா வரைக்கும் போய் வந்தது. படத்தின் பெயரே அந்த ஆட்டத்தில் பயன்படும் தட்டின் எடைதான். பறக்கும் தட்டு விளையாட்டுகளுக்கான உலகக் கூட்டமைப்பைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி முழுமையாக அங்கீகரித்ததும் அதே ஆண்டில். பெசன்ட் நகர் மணலில் பழகிய ஒருவர் டிஸ்க் கோல்ஃபுக்கு வந்தால் முதலில் தடுமாறுவது தட்டின் அளவில். அல்டிமேட் தட்டு 27 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலம். மிட்ரேஞ்ச் தட்டு 22 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆனால் எடை கிட்டத்தட்ட அதேதான். சின்ன உருவத்துக்குள் அத்தனை கனம், அதோடு கூரான விளிம்பு. ஆகவே ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும்: டிஸ்க் கோல்ஃப் தட்டு எறிவதற்கு மட்டும்தான், எதிரே ஒருவர் நின்று பிடிப்பதற்கு அல்ல. விரலைப் பதம் பார்த்துவிடும்.

டிஸ்க் கோல்ஃப் பையில் மூன்று குடும்பங்கள் இருக்கும். நெடுந்தூரத்துக்கு ‘டிரைவர்’, கூடைக்குப் பக்கத்தில் போட ‘பட்டர்’, நடுத்தூரத்துக்கு ‘மிட்ரேஞ்ச்’. டிரைவரால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 2016 மார்ச்சில் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் எறிந்தார். பின்காற்று துணை செய்த சாதனை அது. மிட்ரேஞ்சுக்கு அந்த ஆசை கிடையாது. குறித்த இடத்தில் போய்ச் சேருவது மட்டுமே அதன் வேலை.

‘ஓவர்ஸ்டேபிள்’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ளப் பம்பரத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். சாட்டையைச் சுண்டிவிட்ட பம்பரம் சாய்ந்து நின்றாலும் விழுவதில்லை. பூமி அதைக் கீழே இழுக்கிறது. அதுவோ கீழே போகாமல் பக்கவாட்டில் நகர்ந்து தலையைச் சுற்றுகிறது. சுழலும் பொருளை ஒரு திசையில் தள்ளினால், அது அந்தத் திசையில் சாயாமல் அதற்குக் குறுக்கே சாயும். தட்டும் ஒரு படுத்த பம்பரம்தான். வலக்கைக்காரர் ஒருவர் கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து விடும் ‘பேக்ஹேண்ட்’ எறியில், மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகாரமுள் திசையில் சுழலும். வேகமாகப் போகும்போது காற்றின் தூக்குவிசை தட்டின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் வேலை செய்து, மூக்கைக் கீழே அழுத்தப் பார்க்கும். பம்பர விதிப்படி மூக்கு கீழே போகாது. தட்டு வலப்பக்கம் சாயும். வேகம் குறைந்து தட்டு இறங்கத் தொடங்கும்போது அந்த விசை முன்னால் நகர்ந்து மூக்கைத் தூக்கப் பார்க்கும். இப்போது தட்டு இடப்பக்கம் சாயும். எல்லாத் தட்டுக்கும் இந்த இரண்டு குணமும் உண்டு. முதல் குணத்தை ‘டர்ன்’ என்றும், இரண்டாவதை ‘ஃபேடு’ என்றும் சொல்வார்கள். முதல் குணம் மிகக் குறைவாகவும் இரண்டாவது மிகுதியாகவும் இருக்கும்படி செய்யப்பட்டதே ஓவர்ஸ்டேபிள் தட்டு. இடக்கைக்காரருக்கு இதெல்லாம் அப்படியே கண்ணாடி பிம்பமாக மாறிவிடும்.

இனி காற்றுக்கு வரலாம். தட்டுக்குத் தரை தெரியாது. அதைச் சுற்றி ஓடும் காற்று மட்டும்தான் தெரியும். ஒருவர் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டரில் எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே விநாடிக்கு 5 மீட்டரில் கடற்காற்று வருகிறது. அது ஒன்றும் புயல் இல்லை. தென்னங்கீற்று ஆடும் அளவுதான். ஆனால் தட்டு உணரும் வேகம் 25 மீட்டர். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், அது ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. அதே காற்று முதுகுப் பக்கம் இருந்தால் தட்டு உணர்வது 15 மீட்டர். விசை கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும். கை ஒன்றுதான், தட்டும் ஒன்றுதான். ஆனால் கிழக்கே பார்த்து எறிந்தால் ஒரு தட்டு, மேற்கே பார்த்து எறிந்தால் இன்னொரு தட்டு.

எதிர்க்காற்றில் சாதாரணத் தட்டு புரள்வதற்குக் காரணம் இதுதான். அதிக வேகத்தை உணர்ந்ததும் அதன் ‘டர்ன்’ குணம் விழித்துக்கொள்கிறது. வலப்பக்கம் சாய்ந்து திரும்ப முடியாமல் போகிறது. ஓவர்ஸ்டேபிள் தட்டில் அந்தக் குணத்துக்கு இடமே குறைவு. எதிர்க்காற்று அதன் பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தி நேராகப் போக வைக்கிறது. வேகம் தணிந்ததும் அது தன் இயல்புப்படி இடப்பக்கம் இறங்குகிறது.

திசைக்கொரு பெயர் வைத்துக் காற்றை அழைத்த மொழி தமிழ். வடக்கே இருந்து வந்தால் வாடை, தெற்கே இருந்து தென்றல், கிழக்கே இருந்து கொண்டல், மேற்கே இருந்து கோடை. கவரைப்பேட்டையில் தட்டு எறிய நினைப்பவர் இந்த நான்கையும் ஆண்டு முழுக்கச் சந்திப்பார். சித்திரை, வைகாசிப் பிற்பகல்களில் கொண்டல். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காய்ந்த கோடை. ஐப்பசிக்குப் பிறகு மழையோடு வாடை. ஒரே களத்தில் ஒரே எறிக்கு நான்கு விடைகள். பையில் காற்றுக்கென்று ஒரு தட்டு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் வசதி நம் பக்கம் பெரும்பாலும் இல்லை. படத்தைப் பார்த்து, எண்களைப் படித்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. எனவே அந்த எண்களைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. இன்னோவா பரப்பிய முறைப்படி ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு எண்கள் உண்டு. முதலாவது வேகம்: தட்டு அதன் குணப்படி பறக்க எவ்வளவு வேகமாக எறிய வேண்டும் என்பது. மிட்ரேஞ்சுகளுக்கு இது பெரும்பாலும் 4 அல்லது 5. இரண்டாவது மிதப்பு: எவ்வளவு நேரம் காற்றில் தங்கும் என்பது. மூன்றாவது டர்ன், நான்காவது ஃபேடு. டர்ன் கழித்தல் எண்ணாக இருந்தால் வலப்பக்கம் சாயும். சுழியமோ அதற்கு மேலோ இருந்தால் சாயாது. ஃபேடு ஏற ஏறக் கடைசியில் இடப்பக்கம் இழுப்பது கூடும். ஓவர்ஸ்டேபிள் மிட்ரேஞ்ச் தேடுபவர் பார்க்க வேண்டியது கடைசி இரண்டு எண்களை: டர்ன் 0-க்குக் குறையாமல், ஃபேடு 3 அல்லது அதற்கு மேல்.

எண்களை எடுத்துக்காட்டோடு பார்த்தால் எளிது. டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் ‘பஸ்’ உலகில் அதிகம் எறியப்படும் நேர்த் தட்டுகளில் ஒன்று. அதன் எண்கள் 5, 4, -1, 1. அதே நிறுவனத்தின் ‘மால்டா’ 5, 4, 1, 3. பால் மெக்பெத்தின் பெயரில் வரும் தட்டு வரிசையில் அதுவும் ஒன்று. டிஸ்க்ராஃப்டோடு பத்தாண்டுக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டதாக 2021-ல் செய்தியான வீரர் அவர். பஸ்ஸும் மால்டாவும் ஒரே வேகம், ஒரே மிதப்பு. ஆனால் எதிர்க்காற்றில் பஸ் வலப்பக்கம் போகும் இடத்தில் மால்டா நேராகப் போகும். இன்னோவாவின் ‘கேட்டர்’ 5, 2, 0, 3. மிதப்பு பாதிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, சீக்கிரம் இறங்கிவிடும். டைனமிக் டிஸ்க்ஸின் ‘ஜஸ்டிஸ்’ இன்னும் ஒரு படி மேலே: 5, 1, 0.5, 4. எறிந்தால் கல்லைப்போல இடப்பக்கம் விழும். அதே நிறுவனத்தின் ‘வெர்டிக்ட்’ 5, 4, 0, 3.5, பிடிவாதமும் உண்டு, தூரமும் உண்டு.

இரண்டாவது எண்ணான இந்த மிதப்பைத்தான் புதிதாக வாங்குபவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். ஃபேடு எண்ணை மட்டும் பார்த்து, எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று ஜஸ்டிஸ் போன்ற ஒன்றை வாங்கிவிட்டால், அது நாற்பது மீட்டர்கூடப் போகாமல் இடது பக்கப் புதரில் விழும். காற்றில் நிற்கவும் வேண்டும், போய்ச் சேரவும் வேண்டும் என்றால் மிதப்பு 3 அல்லது 4, ஃபேடு 3 அல்லது 3.5 என்பதே சரியான இடம். மிதப்பு 1, 2 உள்ளவை குறுந்தூர வேலைக்கு, அதுவும் பலத்த காற்றுக்கு.

எண்கள் சொல்லாத ஒன்றைப் பிளாஸ்டிக் சொல்லும். இங்கே கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் அறிவு உண்டு. இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினில் வேலை பார்த்த எவருக்கும் ‘பார்ட்டிங் லைன்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை: மோல்டின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் பொருளின்மேல் விழும் மெல்லிய கோடு. வாளியிலும் குடத்திலும் அந்தக் கோடு சும்மா ஓர் அடையாளம். தட்டில் அதுதான் விதி. விளிம்பின் கூர்முனை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை அந்தக் கோடு காட்டுகிறது. கோடு உயரத்தில் இருந்தால் தட்டு அதிகம் ஓவர்ஸ்டேபிள், தாழ்ந்திருந்தால் குறைவு. ஒரே மோல்டில் வேறு வேறு பிளாஸ்டிக் ஊற்றினால், குளிரும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு சுருங்கும். கோட்டின் உயரம் மில்லிமீட்டரின் பகுதி அளவில் மாறும். பறத்தலும் அதோடு மாறும். ஒரே பெயர், ஒரே எண்கள், ஆனால் இரண்டு தட்டுகள் இரண்டு விதமாகப் பறப்பதன் காரணம் இது.

அதனால் அனுபவசாலிகள் தட்டு கைக்கு வந்ததும் முதலில் அதைச் சமதளமான மேசைமேல் வைத்துக் கண்ணைத் தாழ்த்தி விளிம்பைப் பார்ப்பார்கள். ஏற்கெனவே உள்ள நேர்த் தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அடுத்து மேற்பரப்பைத் தடவுவார்கள். தோசைக்கல்போலத் தட்டையாக இருந்தால் மிதப்பு குறைவு, காற்றின் பிடியும் குறைவு. இட்லிபோல உப்பலாக இருந்தால் மிதப்பு கூடும். விளிம்பின் அடியில் சின்ன வரம்பு ஒன்று ஓடினால் அதைப் ‘பீடு’ என்பார்கள். பல தட்டுகளில் பிடிவாதத்தைக் கூட்ட அதை வைக்கிறார்கள்.

பிளாஸ்டிக் வகைக்கும் விலைக்கும் நேரடி உறவு உண்டு. இன்னோவாவில் ‘டிஎக்ஸ்’ மலிவு, ‘ஸ்டார்’, ‘சாம்பியன்’ விலை கூடியவை. டிஸ்க்ராஃப்டில் ‘ப்ரோ-டி’ மலிவு, ‘ஈஎஸ்பி’, ‘இசட்’ மேல்தரம். மலிவுத் தட்டு கைக்கு நன்றாகப் பிடிக்கும். ஆனால் மரத்திலும் கல்லிலும் மோத மோத விளிம்பு மழுங்கி, ஓவர்ஸ்டேபிள் குணம் கரைந்துபோகும். கரைவதும் எப்போதும் குறை இல்லை. இன்னோவாவின் ‘ராக்’ என்ற மிட்ரேஞ்ச் 1987-ல் வந்தது. எண்கள் 4, 4, 0, 3. பன்னிரண்டு முறை உலகப் பட்டம் வென்ற கென் கிளைமோவின் பெயரிலேயே அதில் ஒரு வகை உண்டு. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பையில் நான்கைந்து ராக் வைத்திருப்பார்கள். புதியது எதிர்க்காற்றுக்கு, ஓராண்டு அடிபட்டது நேர்வழிக்கு, இன்னும் பழையது வலப்பக்கம் வளைய. ஒரே தட்டு வயதுக்கு வயது வேறு வேலை பார்த்தது. இன்றைக்குக் காற்றுக்கென்று ஒன்றே ஒன்று வாங்குபவர் அப்படிச் செய்ய முடியாது. அவர் வாங்குவது பல ஆண்டு மாறாமல் இருக்க வேண்டும். ஆகவே அந்த ஒரு தட்டுக்கு மட்டும் மேல்தரப் பிளாஸ்டிக்கில் பணம் போடுவது வீண் செலவாகாது.

ஆனால் இங்குள்ள புழுக்கத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். சாம்பியன் வகைபோன்ற கண்ணாடிப் பளபளப்புள்ள பிளாஸ்டிக், வியர்த்த கையில் வழுக்கும். மழையில் இன்னும் மோசம். ஸ்டார், ஈஎஸ்பி போன்றவை கொஞ்சம் மெழுகுத்தன்மையோடு பிடி கொடுக்கும். எதை வாங்கினாலும் தோளில் ஒரு துண்டு இருக்கட்டும். வயல் வேலைக்குப் போகிறவர்கள் அதைச் சொல்லித்தரத் தேவையில்லாமல் வைத்திருக்கிறார்கள். தட்டை வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடிக்குப் பின்னால் விட்டுவிடக் கூடாது. வளைந்துபோன தட்டில் எந்த எண்ணும் செல்லாது.

எடைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. பி.டி.ஜி.ஏ. விதிப்படி தட்டின் விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் வரை அனுமதி. எப்படியும் 200 கிராமைத் தாண்டக் கூடாது. 21.7 சென்டிமீட்டர் மிட்ரேஞ்சுக்கு அது 180 கிராம் ஆகிறது. எதிர்க்காற்றுக்குக் கனமே நல்லது: 175-லிருந்து 180 வரை. அதே மோல்டில் 160 கிராம் தட்டு வாங்கினால், கொஞ்சம் காற்றடித்தாலே அதன் ஓவர்ஸ்டேபிள் பெயர் பெயராக மட்டும் நிற்கும். சிறுவர்களுக்கும் தோள்வலி உள்ளவர்களுக்கும் எடை குறைவானது சரி. அவர்கள் காற்று ஓய்ந்த விடிகாலையில் ஆடலாம்.

பேக்ஹேண்ட் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதி விஷயம் விட்டுப்போகும். ஏரிக்கரையில் ஓட்டாஞ்சில்லைப் பொறுக்கி, இடுப்பளவில் கையைச் சுழற்றி, தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகவிட்ட அனுபவம் இல்லாதவர் கிராமத்தில் உண்டா? டிஸ்க் கோல்ஃபில் அதே வீச்சுக்குப் பெயர் ‘ஃபோர்ஹேண்ட்’. மணிக்கட்டின் சொடுக்கில் நடக்கும் எறி அது. சுழற்சித் திசை தலைகீழாவதால் தட்டு கடைசியில் வலப்பக்கம் இறங்கும். இந்த வீச்சில் தட்டு கையை விட்டுப் போகும்போது லேசாகத் தள்ளாடும். நேர்த் தட்டு அந்தத் தள்ளாட்டத்தில் புரண்டுவிடும். ஓவர்ஸ்டேபிள் தட்டு அதை விழுங்கிக்கொண்டு போகும். பேக்ஹேண்ட் கைவராத பலரும் ஓவர்ஸ்டேபிள் மிட்ரேஞ்சைக் கையில் எடுத்ததும் ஆட்டத்துக்குள் வந்துவிடுவது இதனால்தான். ஓட்டாஞ்சில்லின் தத்தலும் இதில் உண்டு. கெட்டித் தரையில் தாழ்வாக எறிந்தால், சாய்ந்த விளிம்பு தரையை உரசி இன்னும் சில மீட்டர் வழுக்கிப் போகும். ஒரு புளியமரத்துக்குப் பின்னால் கூடை இருந்தால், மரத்துக்கு முன்னால் தரையைத் தொட்டுத் தத்தித் திரும்பிப் போய்ச் சேரும் எறி இது. நெல் வயல் ஈரமாக இருந்தால் தத்தாது. சேற்றில் குத்திட்டு நிற்கும்.

எறிபொருளை இப்படி அளந்து, தடவி, எடை பார்த்துத் தேர்ந்தெடுப்பது தமிழ் மண்ணுக்கு அந்நியமில்லை. சிவகங்கைச் சீமையின் வளரியும் வடிவத்தால் பறந்த ஆயுதம்தான். பிறை வடிவம், ஒரு முனை மற்றதைவிடக் கனம். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தான் வளரி எறியக் கற்றது சின்ன மருதுவிடம் என்றும், தேர்ந்த கையில் அது நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்றும் 1830-ல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தஞ்சை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த தந்த வளரிகளை எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியான தம் நூலில் குறிப்பிடுகிறார். மரத்திலும் இரும்பிலும் தந்தத்திலும் செய்து பார்த்தவர்களுக்கு, பொருள் மாறினால் பறத்தல் மாறும் என்பது தெரிந்திருக்கும்.

எல்லோருக்கும் ஓவர்ஸ்டேபிள் தட்டு வேண்டுமா என்றால், முதல் நாளில் வேண்டாம். புதிதாக எறிபவரின் கையில் வேகம் குறைவு. வேகம் குறைந்தால் எந்தத் தட்டும் இடப்பக்கம் இழுக்கும். ஏற்கெனவே இழுக்கும் குணமுள்ள தட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதை நேராகப் போக வைக்க முயன்று பலர் கையைத் திருகிக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தவறைப் பிறகு மறப்பது கடினம். எனவே முதல் மிட்ரேஞ்ச் பஸ் போன்ற நேர்த் தட்டாக இருக்கட்டும். காற்றில்லாத விடிகாலையில் அது ஐம்பது அறுபது மீட்டர் நேராகப் போகத் தொடங்கினால், பிற்பகல் காற்றுக்கான இரண்டாவது தட்டை வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

கூடை இல்லையே என்று காத்திருக்கவும் தேவையில்லை. ஓக் குரோவில் ஆட்டம் தொடங்கியது கம்பங்களை வைத்துத்தான். பனைமரத்தின் அடிப்பகுதியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு துணியைக் கட்டினால் அது இலக்கு. ஆனால் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கவரைப்பேட்டையை ஒட்டிச் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையும், கூடூர் போகும் ரயில் பாதையும் ஓடுகின்றன. 180 கிராம் தட்டு சாலைக்கோ தண்டவாளத்துக்கோ ஒருபோதும் போகக் கூடாது. அவற்றுக்கு முதுகைக் காட்டி, ஆள் நடமாட்டமில்லாத தரிசிலோ பள்ளி விடுமுறையில் திடலிலோ, உரியவரிடம் கேட்டுக்கொண்டு எறிய வேண்டும். ஏரிப் பக்கம் வேண்டாம். இந்த எடையுள்ள தட்டு தண்ணீரில் மூழ்கிவிடும். நிறம் ஆரஞ்சாகவோ ரோஜா நிறமாகவோ இருந்தால் வைக்கோலிலும் புல்லிலும் கண்ணுக்குத் தப்பாது.

கவரைப்பேட்டைக் காற்றுக்கு ஒரே ஒரு தட்டு வாங்குவதென்றால், கேட்க வேண்டியது இது: வேகம் 5, மிதப்பு 4, டர்ன் 0, ஃபேடு 3-லிருந்து 3.5, எடை 175 கிராமுக்குக் குறையாமல், வழுக்காத மேல்தரப் பிளாஸ்டிக். கைக்கு வந்த அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கிழக்கே பார்த்து நின்று பத்து முறை எறிந்து, ஒவ்வொன்றும் விழுந்த இடத்தைக் காலடியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பத்தில் எட்டு ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்திருந்தால் அது உங்கள் தட்டு.